வெள்ளிக்கிழமை அழுகை

சுயம்புராஜுக்கு வாரத்தில் ஐந்து நாளும் நோய். திங்களன்று பித்தப்பையில் கல், செவ்வாய் குடல்வால், புதன் ஈரலில் கட்டி, வியாழன் குடலிறக்கம். வெள்ளிக்கிழமை என்ன என்பது, கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பெனிஷ் அதைத் திறந்து பார்த்தால்தான் தெரியும். சனி, ஞாயிறு பூரண சுகம். சுகமாக இருப்பதற்குச் சம்பளம் கிடையாது என்பதால் அந்த இரண்டு நாளும் அவர் முகத்தில் சற்று வாட்டம் தெரியும்.

மலையடிவாரத்தில், காற்றாலைகளுக்கு நடுவே எழும்பியிருந்த ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் அவருக்குப் படுத்துக் கிடக்கிற உத்தியோகம். அதற்கு முன்னால் அதே கல்லூரி வாசலில் காவலாளி. அதற்கும் முன்னால் முப்பது வருசம் வாழைக்குலை சுமந்தவர். வடசேரி சந்தையில் லாரி வந்து நின்றால் ஏத்தன், மட்டி, செந்துளுவன் என்று குலை குலையாய்த் தோளில் ஏற்றிக் கடை கடையாய் இறக்குவார். சட்டை முழுக்க வாழைக்கறை. கல்யாணத்துக்குக் கட்டிய வேட்டியில்கூட கறை இருந்ததாக மனைவி பூங்கனி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். ஒருநாள் இடுப்பு ‘இனி நம்மால் ஆகாது’ என்று முடிவெடுத்துவிட்டது. காவலாளி வேலைக்கு இடுப்பு வேண்டாம், கண் போதும் என்றார்கள். அந்தக் கண்ணும் மத்தியானச் சோற்றுக்குப் பிறகு மூடிக்கொள்ளும்.

அப்படி மூடிக் கிடந்த ஒரு மத்தியானத்தில்தான் அறுவைசிகிச்சைப் பிரிவின் தலைவர் ரசலையன் டாக்டர் அவரைக் கண்டுபிடித்தார். வாசல் பெஞ்சில் மல்லாக்கப் படுத்துக் கிடந்தவரின் வயிற்றைச் சற்று நேரம் ஆர்வமாகப் பார்த்துவிட்டுத் தட்டி எழுப்பினார்.

“ஓய், இப்பிடியே அசையாம எவ்வளவு நேரம் கிடப்பீரு?”

“சார், நேத்துதான் அதுக்கு ஒரு மெமோ தந்தாவ. இனி கெடக்க மாட்டேன் சார்.”

“கிடக்கணும் ஓய். அதுக்குச் சம்பளம் கூடத் தாறேன்.”

வேலை நேரத்தில் உறங்கியதற்காகப் பதவி உயர்வு பெற்றவர் கன்னியாகுமரி மாவட்டத்திலேயே தான் ஒருவர்தான் என்று சுயம்புராஜ் பஸ்ஸில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்.

வேலை இதுதான். ஐஸ்பெட்டி மாதிரிக் குளிரும் ஒரு அறை. நடுவில் கட்டில். சட்டையைக் கழற்றிவிட்டு அவர் அதில் கிடப்பார். மேல்படிப்பு படிக்கிற டாக்டர் பிள்ளைகள் ஆளுக்கொரு கண்ணாடியைத் தலையில் மாட்டிக்கொண்டு சுற்றி நிற்பார்கள். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டில் பாதியை அறுத்து எடுத்ததுபோல் இருக்கும் அது. அதை மாட்டினால் அறை தெரியும், கட்டில் தெரியும், சுயம்புராஜ் தெரிவார். கூடவே அவர் வயிற்றின் மேல் ஈரல், குடல், ரத்தக்குழாய் எல்லாம் வெளிச்சத்தில் வரைந்ததுபோல மிதந்து நிற்கும். பிள்ளைகள் அந்தப் படத்தில் அறுப்பார்கள், முடிச்சுப் போடுவார்கள், தைப்பார்கள். ரப்பர் பொம்மையை வைத்துச் செய்யலாமே என்றால், பொம்மை மூச்சு விடாது. இவர் மூச்சுக்கு வயிறு ஏறி இறங்கும், படமும் கூடவே ஏறி இறங்கும். உயிருள்ள ஆளை அறுத்த பழக்கம் வரும்.

சுயம்புராஜுக்குத் தெரிவதெல்லாம், படித்த பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் தன் வயிற்றுக்கு ஒரு சாண் மேலே வெறும் காற்றைக் கிள்ளிக் கிள்ளி எடுப்பதுதான். முதல் நாள் சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டில் படம் குலுங்கி, ஒரு பிள்ளை கல்லை விட்டுவிட்டு ஈரலை எடுத்துவிட்டது.

படம் அவர் உடம்போடு பொருந்தி நிற்க வேண்டும் என்பதற்காகப் போன சித்திரையில் அவரையே ஒரு ஸ்கேன் எடுத்தார்கள். அடியில் அவருடைய படம். அதன்மேல் அன்றன்றைக்கு வேண்டிய நோயை, அவர்கள் பேச்சில் ‘கேஸை’, பெனிஷ் ஏற்றுவான். வகுப்பு முடிந்ததும் இறக்குவான். லாரியில் சரக்கு ஏற்றி இறக்குவதுபோலத்தான் என்று சுயம்புராஜ் அதைப் புரிந்துகொண்டார்.

சாயங்காலம் அஞ்சுகிராமத்தில் இறங்கி வீட்டுக்கு வந்தால் வாசலில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கும். குளிக்காமல் உள்ளே விடமாட்டாள் பூங்கனி. கல்யாண மண்டபங்களுக்கு வாழையிலை அடுக்கிக் கட்டுகிற வேலை அவளுக்கு. முற்றத்தில் இலைக்கு நடுவே உட்கார்ந்தபடியே கேட்பாள்.

“இன்னைக்கு என்ன?”

“ஈரலு.”

“பொழச்சியளா?”

“எங்க பொழைக்க! ஒரு பய ரத்தக்குழாய நறுக்கிப் போட்டான். செத்துப் போனேன். பெறவு எந்திச்சு ஒரு காப்பி குடிச்சேன்.”

“அடுத்தவனுக்க சீக்க வயித்துல சுமந்துக்கிட்டு வாரிய. என்னைக்காவது ஒண்ணு எறங்க மறந்து உள்ளயே இருந்துக்கிடும் பாருங்க.”

“அது வெறும் வெளிச்சம், ஏட்டி. டார்ச் லைட்டு வயித்துல அடிச்சா வயிறு வெந்தா போவும்?”

அவள் இலையை உதறுவாள். ஞாயிற்றுக்கிழமை அய்யாவைக் கும்பிடுகிற நிழல்தாங்கலுக்குப் போனால், சுயம்புராஜ் தலைப்பாகை கட்டிக்கொண்டு, அங்கே சாமியாக வைத்திருக்கிற நிலைக்கண்ணாடிக்கு முன்னால் நிற்கும்போது, கூட ஒரு மடங்கு வேண்டிக்கொள்வாள். வீட்டுக்கு வந்து, பதம் என்று தாங்கலில் தந்த தண்ணீரைக் கொஞ்சம் அவர் வாயில் ஊற்றுவாள். அவரும் குடிப்பார். ஐந்து நாள் நோய்க்கு ஒரு நாள் மருந்து.

ஆடிக்காற்று தொடங்கியதிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மரச்சீனிக் கிழங்கும் சாளைமீன் குழம்பும் வைத்தால் சட்டியைக் கழுவி வைக்கிற ஆள், இரண்டு துண்டோடு எழுந்துவிட்டார். முதுகில் ஒரு கடுப்பு. குளிர் அறையில் பலகைக் கட்டிலில் கிடக்கிற கோளாறு என்றார். வேட்டி இடுப்பில் ஒரு சுற்றுக் கூடுதலாக வந்தது. “மெலிஞ்சா நல்லதுதான். படம் தெளிவா தெரியுதுன்னு டாக்டருமாரு சந்தோசப்படுதாவ” என்றார். உண்மையாகவே அவர்கள் சந்தோசப்பட்டார்கள்.

வெள்ளிக்கிழமைதோறும் கடைசியில் இன்னொரு வகுப்பு உண்டு. கட்டிலில் இருந்து இறங்கி நாற்காலியில் உட்கார வேண்டும். எதிரே ஒரு டாக்டர் பிள்ளை உட்கார்ந்து, உங்களுக்கு இன்ன வியாதி என்று பக்குவமாகச் சொல்ல வேண்டும். கெட்ட செய்தியைச் சொல்லப் பழகுகிற வகுப்பு. கேட்டு அழ வேண்டியது சுயம்புராஜின் பொறுப்பு. முதலில் பேச்சில்லாமல் சுவரைப் பார்ப்பார். பிறகு துண்டின் முனையை வாயில் வைப்பார். பிறகு “அய்யா!” என்று ஒரு கூப்பாடு. போன வருசம் வந்த ஒரு பையன், அந்தக் கூப்பாட்டில் தண்ணீர் கிளாசைக் கீழே போட்டுவிட்டான். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துவிட்டு அவர் மார்க்கும் போடுவார். கையைப் பிடித்துச் சொன்னால் கூட ஒரு மார்க். கடிகாரத்தைப் பார்த்தால் குறைத்துவிடுவார். போன மாதம் ஒரு பையன் கெட்டிக்காரத்தனமாக, “அண்ணாச்சி, இது பாடம் இல்ல, நெசமாவே சொல்லுதேன்” என்று தொடங்கினான். அவர் ஒரு நிமிசம் ஆடிப்போய்விட்டார். அவனுக்குப் பத்துக்குப் பத்து.

அந்த வியாழக்கிழமை குடலிறக்கம் முடிந்து எல்லாரும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்கள். சுஜி என்கிற பிள்ளை மட்டும் கழற்றவில்லை. மார்த்தாண்டம் பக்கத்துப் பெண். பேசினால் பாட்டு மாதிரி இழுக்கும்.

“பெனிஷ், கேஸ எடுத்தாச்சா?”

“எடுத்தாச்சு டாக்டர்.”

“அப்ப இடது பக்கம், வயித்துக்குப் பின்னால, கணையத்துக்க வாலுல ஒண்ணு நிக்குதே. அது என்னவாக்கும்?”

“கண்ணாடிக் கம்பெனிக்காரன் வச்சிருப்பான் டாக்டர். நீங்க கவனிக்கியளான்னு பாக்கதுக்கு. நானும் ரொம்ப நாளா பாக்கேன், அது அங்கதான் நிக்கி.”

“நானும் பாத்திருக்கேன்” என்றான் கதவருகே நின்ற ஒரு பையன். “புதன்கிழமை கேஸோட சேந்ததுன்னு நெனச்சேன்.”

“வச்ச சாமான எடுத்துக்கிட்டுப் போவச் சொல்லுங்க தம்பி. வாடகை தராம கெடக்கு” என்று கட்டிலில் இருந்தபடியே சுயம்புராஜ் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். சுஜி சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு மறுபடியும் மாட்டிக்கொண்டு வயிற்றைப் பார்த்தாள்.

மறுநாள் காலையில் ரசலையன் டாக்டரே வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இடதுபக்கமாக நெடுநேரம் நின்றார். கழற்றி, அழுக்கே இல்லாத கண்ணாடியைக் கோட்டுத் துணியால் துடைத்தார். வாசலில் சுஜியோடு தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தது சுயம்புராஜுக்கு அரைகுறையாகக் கேட்டது. “நீதானே பார்த்த. நீயே சொல்லிரு. நாளைக்கு ஒரு புது ஸ்கேன் எடுத்திரலாம்” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். பிள்ளைக்கு ஏதோ கஷ்டமான பாடம் கொடுத்திருக்கிறார் என்று இவர் நினைத்துக்கொண்டார்.

சாயங்காலம் அதே நாற்காலி. அன்றைக்கு மற்றப் பிள்ளைகள் இல்லை, சுஜி மட்டும்தான். உட்கார்ந்தாள். எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள்.

“அண்ணாச்சி, சித்திரையில உங்களுக்கு எடுத்த ஸ்கேன் இருக்குல்லா.”

“இருக்கு மக்களே. சொல்லு, சொல்லு. பேடிக்காத.”

“அதுல ஒரு கட்டி தெரியுது. அது கேஸ் இல்ல அண்ணாச்சி. உங்களுக்க சொந்தக் கட்டி. கணையத்துல.” விரலை அவர் இடது விலாவுக்கு நேரே நீட்டினாள். “நாங்க எல்லாரும் இவ்வளவு நாளும் அதப் பாத்துக்கிட்டுத்தான் நின்னிருக்கோம்.”

சுயம்புராஜ் வழக்கம்போலச் சுவரைப் பார்த்தார். துண்டை எடுத்தார். அதற்குள் எதிரே அந்தப் பிள்ளை முகத்தைப் பொத்திக்கொண்டு ஏங்கி ஏங்கி அழத் தொடங்கிவிட்டது. தன் வேலையை இன்னொருத்தர் பிடுங்கிக்கொண்டால் மனுசனுக்கு ஒரு சங்கடம் வருமே, அது அவருக்கும் வந்தது.

“ஏ மக்களே, ஏ மக்களே… டாக்டரு அழப்பிடாது. அழுகது எனக்க டிப்பார்ட்மெண்டு. நீ சொல்லணும், நான் அழணும். அதுதான் மொறை.”

“இது பாடம் இல்ல அண்ணாச்சி. சத்தியமா நெசம்.”

“போன மாசம் ஒருத்தன் அதையும் சொல்லியாச்சு. அவன் அழாம சொன்னான், பத்து வாங்கிட்டுப் போனான். நீ நல்ல பிள்ள. ஆனா இப்பிடிச் சொன்னா சீக்காளி பயந்திருவான்லா? தண்ணியும் வைக்கல. நாலு மார்க்குதான் போட முடியும்.”

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவே இல்லை. “நாளைக்கு வீட்டம்மாவக் கூட்டிக்கிட்டு வாங்க. வெறும் வயித்தோட வாங்க. கண்டிப்பா வருவியளா?”

“சனிக்கிழமையா? அதுக்குத் தனிச் சம்பளம் உண்டான்னு கேட்டுச் சொல்லு. சரி, கையப் பிடிச்சதுக்கு ஒண்ணு கூட்டி அஞ்சு. அழாத.”

வீட்டுக்கு வந்து வாளியைக் கவிழ்த்துக் குளித்தார். பூங்கனி கஞ்சியும் பயறும் எடுத்து வைத்தாள். காற்று ஓட்டைக் கிளப்புவதுபோல வீசியது. முற்றத்து இலைக்கட்டுகள் மேல் அம்மிக்குழவியைத் தூக்கி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“இன்னைக்கு என்ன?”

“இன்னைக்கு சொந்த வியாதி! கணையத்துல கட்டியாம். சுஜின்னு ஒரு பிள்ள, என்னா நடிப்பு, ஏட்டி! எனக்கே நாக்கு வறண்டு போச்சு. ஒரே கரைச்சலு. நான்தான் தேத்தினேன். அஞ்சு மார்க்கு போட்டேன்.”

பூங்கனி கையில் அகப்பையோடு அப்படியே இருந்தாள்.

“அந்தப் பிள்ள அழுததா?”

“ஆமாங்கேன்.”

“இதுக்கு முன்ன எவனாவது அழுதிருக்கானா?”

“அவனுவ எதுக்கு அழுவானுவ? அழுகதுக்கு என்னைய வச்சிருக்காவல்லா.”

“இவ மட்டும் எதுக்கு அழுதா?”

சுயம்புராஜ் ஒரு பயறை எடுத்து வாயில் போட்டார். மென்றார். விழுங்கவில்லை.

“மார்க்குக்காவ அழுதிருப்பா” என்றார் கடைசியில்.

“நீங்க மார்க்க சொன்ன பெறவு அழுகைய நிறுத்தினாளா?”

அவர் கஞ்சியைத் தள்ளிவைத்தார். காற்று இரைந்தது. பூங்கனி எழுந்துபோய் விளக்குக்கு முன்னால் இருந்த திருமண்ணை எடுத்துவந்து அவர் நெற்றியில் நெடுக இழுத்தாள். கோடு கோணலாகப் போனது. “நாளைக்கு நானும் வாரேன்” என்றாள்.

புது ஸ்கேன் எடுத்து, இந்த முறை அதை வாசிக்க ஒரு டாக்டரை உட்காரவைத்தார்கள். போன முறை ஏன் வாசிக்கவில்லை என்று பூங்கனி பெனிஷிடம் கேட்டாள். அவன் ஒன்றையும் மறைக்கவில்லை. நோயாளிக்கு எடுத்தால் ஒருவர் வாசித்து, எழுதி, கையெழுத்துப் போடுவார். சித்திரையில் எடுத்தது பாடத்துக்கு எடுத்தது. பாடத்துக்கு எடுத்ததைப் பிள்ளைகள் பார்ப்பார்கள், வாசிக்க மாட்டார்கள். சொல்லிவிட்டு அவன் தரையைப் பார்த்தான்.

ரசலையன் டாக்டர் தன் அறையில் அவர்களை உட்காரவைத்தார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த தன் நாற்காலியை இழுத்துவந்து இந்தப் பக்கம், முழங்கால் தொடுகிற தூரத்தில் போட்டுக்கொண்டார். போனை அணைத்தார். இரண்டு கிளாசில் தண்ணீர் வைத்தார். முகத்தைப் பார்த்து, நிறுத்தி நிறுத்தி, பச்சைத் தமிழில் சொன்னார். கட்டி பெருத்துவிட்டது. ஈரலுக்கும் போய்விட்டது. அறுவைசிகிச்சைக்கான கட்டம் தாண்டிவிட்டது. மருந்து ஏற்றலாம், வலி இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம். கல்லூரி எல்லாவற்றையும் இலவசமாகச் செய்யும்.

ஒரு குறை சொல்ல முடியாது. பத்துக்குப் பத்து. சுயம்புராஜ் வாயைத் திறந்து பார்த்தார். இத்தனை வெள்ளிக்கிழமை தவறாமல் வந்த அழுகை ஒரு துளி வரவில்லை. துண்டு மடியிலேயே கிடந்தது.

“எனக்கு அதப் பாக்கணும்” என்றாள் பூங்கனி.

“எதம்மா?”

“எல்லாரும் பாத்தியல்லா. நான் பாக்கல. எனக்கும் காட்டுங்க.”

டாக்டர் வேண்டாம் என்றார். மனசுக்குக் கஷ்டம் என்றார். அவள் எழுந்து நின்றுவிட்டாள். சுஜிதான் அவர்களைக் குளிர் அறைக்குக் கூட்டிப்போனாள். சுயம்புராஜ் சட்டைப் பொத்தான்களைக் கழற்றிவிட்டு வழக்கம்போலக் கட்டிலில் மல்லாந்தார். பெனிஷ் கண்ணாடியைப் பூங்கனியின் கொண்டைக்குத் தக்கபடி இறுக்கிவிட்டான். அவள் தடுமாறிக் கட்டிலைப் பிடித்தாள். முப்பது வருசமாகப் பக்கத்தில் கிடந்து உறங்கிய உடம்பின் உள்ளே இருந்ததெல்லாம் வெளியே வந்து, மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கி நின்றது.

“எது?”

சுஜி அவள் விரலைப் பிடித்துக் காற்றில் ஒரு இடத்தில் கொண்டுபோய் வைத்தாள். அங்கே புன்னைக்காய் அளவில் ஒன்று, மற்ற எல்லாவற்றையும்போல அழகாகவே இருந்தது.

“இதா? இந்தாத்தண்டிதானா?”

“இது சித்திரையில எடுத்த படம். இப்ப…” சுஜி முடிக்கவில்லை.

“அப்பம் எடுத்திருக்கலாமா?”

பின்னாலேயே வந்து நின்ற ரசலையன் டாக்டர், “அதை அப்படி உறுதியாச் சொல்ல முடியாதும்மா. பல விஷயங்கள் இருக்கு” என்றார்.

“எடுத்திருக்கலாம்” என்றாள் சுஜி, அவரைப் பார்க்காமல். “எங்கள்ல செலபேரு இத எடுத்துப் பழகியிருக்காவ, புதன்கிழமை கேஸுன்னு நெனச்சு. நல்லா எடுக்க வந்தது.”

குளிர் மிசின் மட்டும் இரைந்துகொண்டிருந்தது. பூங்கனி ஏசுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று டாக்டர் எதிர்பார்த்தது அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது. அவள் குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள்.

“எங்க வீட்டுக்காரருக்க படத்த இதுல இருந்து அழிச்சிருங்க. போதும்.”

பெனிஷ் டாக்டரைப் பார்த்தான். டாக்டர் அவனைப் பார்த்தார்.

“இங்க அழிச்சிரலாம்மா” என்றான் பெனிஷ். “ஆனா படம் நல்லா விழுந்திருக்குன்னு கம்பெனிக்காரங்க வைகாசியிலேயே எடுத்துட்டுப் போயிட்டாங்க. பெங்களூரு, ஐதராபாத்துன்னு வேற காலேஜுக்கெல்லாம் குடுத்திருக்காங்க. அங்கெல்லாம் வேற ஆள் படுத்திருப்பாங்க. அவங்க மேல இத ஏத்துவாங்க.”

“அப்பம் எனக்க வயிறு ஊரு ஊரா போயிருக்கு” என்றார் சுயம்புராஜ். “நான் அருவாமொழி எல்லைக்கு அங்கிட்டு போனதே கெடையாது.”

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அவரும் அதற்காகச் சொன்னதாகத் தெரியவில்லை. கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தார். பிறகு தலையைத் திருப்பாமல் கூப்பிட்டார்.

“தம்பி பெனிஷு.”

“சொல்லுங்க அண்ணாச்சி.”

“அங்க படுத்துக் கெடக்கவன்ட்ட ஒரு வார்த்த சொல்லச் சொல்லு. அவன் மேல நிக்கது அவனுக்க இல்லன்னு. யாராவது பிள்ள அழுதா பயந்திரப் போறான்.”

“சொல்லுதேன் அண்ணாச்சி.”

“அப்பிடியே…” அவர் பெனிஷ் பக்கம் தலையைத் திருப்பினார். “அவனுக்குள்ள படத்தையும் எடுத்திருப்பாவ. அத யாராவது உக்காந்து வாசிச்சாவளான்னு கேளு. இன்னைக்கே கேளு.”

பெனிஷ் போனைக் கையில் எடுத்தான். யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் நின்றான். ரசலையன் டாக்டர் கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“எந்திங்க, குளுருது உங்களுக்கு” என்றாள் பூங்கனி. கண்ணாடியைக் கழற்றவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவர் சட்டையின் இரண்டு பக்கத்தையும் இழுத்துச் சேர்த்துக் கீழிருந்து ஒவ்வொரு பொத்தானாகப் போட்டாள். கழுத்துப் பொத்தான்வரை போட்டு முடித்தும் அவள் கை சட்டையை விட்டு எழவில்லை. துணிக்கு மேலேயும் அது அவளுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது.